இருபத்திரண்டு வீட்டுச் சத்தியம்

பச்சியப்பன் எம்.எல்.ஏ. யாருக்கும் எதையும் சும்மா கொடுக்க மாட்டார். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மோர் உண்டு, பசியென்று சொன்னால் களியும் கீரைக் குழம்பும் உண்டு. ஆனால் நிலம், வேலை, கையெழுத்து என்று எதையாவது கேட்டு வந்தால், பதிலுக்கு ஒரு சொல்லை வாங்காமல் விட மாட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்று சொல். பொண்டாட்டியை அடிக்க மாட்டேன் என்று சொல். குடிக்க மாட்டேன் என்று சொல். சும்மா கிடைப்பது மனுஷனைக் கெடுத்துவிடும் என்று அவர் முழுசாக நம்பினார்.

மூன்று தேர்தலில் ஜெயித்தவர். ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அவர் மட்டும் அறுபத்திரண்டில் உட்கார்ந்த மாதிரியே எழுபத்தைந்திலும் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பழைய சரக்கு என்று சட்டசபையில் கேலி செய்வார்கள். "பழசுதாங்க. கெட்டுப்போகாததாலதான் பழசா நிக்குது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொள்வார். மெட்ராஸுக்குப் பஸ்ஸில்தான் போவார். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை வந்தபோது, சொந்த மருமகன் கிளார்க் வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டான். "என் கையெழுத்துல உனக்கு வேல கெடச்சா, தகுதியா வர வேண்டிய எவனோ ஒருத்தன் வூட்டுல அடுப்பு எரியாது மாப்ளே" என்று வெறும் கையோடு அனுப்பிவிட்டார். அந்தக் கோபத்தில் மகள் இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. அதற்கும் அவர் அசையவில்லை.

நல்ல மனுஷன்தான். இந்தக் கதையின் வம்பே அதுதான்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியும். அவருடைய அப்பா நாலு ஏக்கர் நஞ்சையைச் சாராயக் கடையில் கரைத்தவர். முப்பத்தேழாம் வருஷம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது பச்சியப்பனுக்குப் பதினேழு வயசு. தர்மபுரி அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. ஒரே நாளில் கடையைப் பூட்டினார்கள். பத்து நாள் கைகால் நடுங்கிக் கிடந்த அப்பா, பதினோராம் நாள் எழுந்து மாட்டை ஓட்டிக்கொண்டு மிச்சமிருந்த மேட்டு நிலத்தை உழப் போனார். அம்மாவின் அழுகையும் தாத்தாவின் அடியும் செய்யாததை ஒரு பூட்டு செய்தது. மனுஷனுக்கு உள்ளே இருக்கிற நல்லதை நம்பக் கூடாது, வெளியே ஒரு பூட்டு வேண்டும் என்று பையன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். எழுபத்தொன்றில் சாராயக் கடைகளைத் திறந்தபோது சட்டசபையில் தொண்டை கட்டும் வரைக்கும் எதிர்த்துப் பேசினார். எழுபத்திநாலில் மறுபடி மூடினார்கள், அன்றைக்குத் தொகுதி பூராவும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார்.

ஏரியூருக்குத் தெற்கே அவருக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. அறுபத்தைந்தாம் வருஷம், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, அதை இருபத்திரண்டு குடும்பங்களுக்கு வீட்டு மனையாகப் பிரித்துக் கொடுத்தார். அதுவரைக்கும் ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டு, மழை பெரிதானால் சட்டிபானையோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள். கிணறு வெட்டப் போவார்கள், இல்லாத நாளில் கூலிக்குப் போவார்கள். கொடுத்தார் என்றால் குடியிருக்கத்தான் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை.

"பத்து வருசம் குடிக்காம இருங்க. பத்தாம் வருசம் இதே மாதிரி பொங்கல் கழிஞ்ச மொத திங்கக்கெழம, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானே வந்து எழுதித் தர்றேன். ஆனா ஒன்னு. ஒருத்தன் குடிச்சாலும் இருவத்திரண்டு வூட்டுக்கும் பத்திரம் கெடையாது. நான் சொன்னா மாத்த மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்."

அந்தக் கடைசி நிபந்தனையில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஒருத்தனுக்கு இருபத்தொரு வீடு காவல், போலீஸ் எதற்கு என்று கேட்பார். அன்றைக்கே எல்லா ஆண்களும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முனியப்பன் கோயில் வாசலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் கை வைத்தவன் சென்னப்பன். கிணற்றுக்குள் இறங்கினால் பாறையின் சத்தத்தை வைத்தே தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரன். நாலு வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன, அவர்கள் அந்தோணியார் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். "பொய்ச் சத்தியம் பண்றவன் கண்ண முனியப்பன் புடுங்கிடுவான், பாத்துக்குங்க" என்று பச்சியப்பன் சத்தமாகச் சொன்னார். பேச்சு வேகத்தில் வந்த வார்த்தை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதே நாளில், அதே இடத்தில், அதே வார்த்தையைச் சொன்னார்.

பத்துச் சத்தியம் ஆயிற்று. மூன்று வருஷம் கூப்பிடு தூரத்தில் கடை திறந்து கிடந்தபோதும் ஒருத்தனும் போகவில்லை. போயிருந்தாலும் அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? "என் காலனிக்கு வந்து பாருங்கள்" என்று சட்டசபையில் சவால் விட்டார். எழுபத்தைந்து பொங்கலுக்கு முன்பே பென்னாகரம் போய்ப் பத்திரத் தாள் வாங்கி, அலமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை விடிந்து பனி கூட விலகவில்லை, சென்னப்பன் பெண்டாட்டி பெரியம்மாள் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, அவுருக்கு வெடியறதுக்கு முன்னாலயே புடிச்சு வாந்தியா எடுக்குதுங்க. அவுரு கூடக் கெணறு வெட்டற மாதுவுக்கும் சவரிக்கும் அப்பிடித்தானுங்க. வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளறாங்க."

"என்ன தின்னாங்க?"

"நேத்து கெணத்துல தண்ணி கண்டுச்சுங்க. கெணத்துக்காரரு கறி ஆக்கிப் போட்டாருங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

கிணற்றில் தண்ணீர் கண்டால் வெட்டியவர்களுக்குக் கிணற்றுக்காரர் விருந்து போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கறி கெட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீர் சேரவில்லை, காலராவாகக்கூட இருக்கலாம் என்று பச்சியப்பன் நினைத்தார். விருந்து என்றால் கறியோடு வேறு என்ன வரும் என்று அந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவருக்கு அது தோன்றவே இல்லை. பத்து வருஷச் சத்தியம் அவர் கண்ணை முன்பே கட்டியிருந்தது.

சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் அருள்நாதன் சைக்கிளில் வந்தார். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். பால்வாடிக் கொட்டகையில் மூன்று பேரையும் பாயில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் நாடி பிடித்தார், வயிற்றை அமுக்கினார், மூச்சைக் கவனித்தார். பிறகு எம்.எல்.ஏ.வைத் தனியே அழைத்தார்.

"வயித்துப்போக்கு இல்ல சார். காலரா மாதிரி தெரியல. மூச்சு வாங்கற விதம் சரியில்ல. ஏதாவது குடிச்சிருக்காங்களா?"

பச்சியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டரே, இந்த ஜில்லாவுல எந்த ஊர்ல வேணா போயி இதக் கேளுங்க. இங்க கேக்காதீங்க."

"கோவிச்சுக்காதீங்க. கேட்டே ஆகணும். கள்ளச் சாராயத்துல இப்பல்லாம் வார்னிஷக் கலந்துடறாங்க. அப்பிடின்னா வைத்தியமே வேற."

"வாங்க, உங்க முன்னாலயே கேக்கறேன்" என்றார் பச்சியப்பன். கோயிலிலிருந்து கற்பூரம் வந்தது. ஒரு ஓட்டுச் சில்லில் வைத்துக் கொளுத்தி, சென்னப்பன் தலைமாட்டில் வைத்தார். காலனியே கொட்டகையைச் சுற்றி நின்றது. ஒருவர்கூட இருமவில்லை.

"சென்னப்பா, மொதல்ல சத்தியம் பண்ணவன் நீ. சொல்லு. குடிச்சீங்களா?"

சென்னப்பன் தீயைப் பார்த்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். இருபத்திரண்டு வீடும் அவன் உள்ளங்கையில் இருந்தது. கையைத் தூக்கவே தெம்பில்லை, பெரியம்மாள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். தீயின் மேல் கையை வைத்து அமுக்கினான். "குடிக்கலீங்க" என்றான்.

பச்சியப்பன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கர்வத்தை நினைத்துப் பிற்காலத்தில் அவர் எத்தனையோ தடவை கூசிப்போயிருக்கிறார். டாக்டர் மூன்று பேருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார், கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார்.

உச்சிப் பொழுதில் சென்னப்பன் எழுந்து உட்கார்ந்து கையால் காற்றைத் துழாவினான். "ஏன் இருட்டிடுச்சு? வெளக்க ஏத்துடி" என்றான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

பெரியம்மாள் போட்ட கூச்சலில் காலனி முழுக்கக் கூடிவிட்டது. "முனியப்பன் கண்ணப் புடுங்கிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். காலையில் பொய்ச் சத்தியம், மதியம் கண் இல்லை. இதைவிடச் சாட்சி யாருக்கு வேண்டும்? குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று பேரையும் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடினார்கள். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். சேவல் அறுத்தார்கள். வேதக்காரனான சவரியையும் முனியப்பன் காலடியில்தான் போட்டார்கள், அவன் மனைவி இசபெல்லா ஜெபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டு முனியப்பனைக் கும்பிட்டாள். மாதுவுக்கு அங்கேயே இழுத்துக்கொண்டு வந்தது. சூலத்துக்கு முன்னால் அவன் செத்துப்போனான்.

டாக்டர் பச்சியப்பனின் கையைப் பிடித்து இழுத்துப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது.

"கண்ணு போச்சுன்னா வார்னிஷ் சாராயம்தான், எனக்குச் சந்தேகமே இல்ல. எத்தன பேர் குடிச்சாங்கன்னு தெரியணும். இந்த மூணு பேர் மட்டும் இருக்காது, விருந்துக்கு எத்தன பேர் போனாங்களோ. வூட்டுக்குள்ள படுத்துக் கெடப்பாங்க. இன்னும் கண்ணு மங்காதவங்களக் காப்பாத்திடலாம் சார். நான் வீடு வீடாப் போனேன், ஒருத்தியும் கதவத் தொறக்க மாட்டேங்கறா. பத்திரம் போயிடும்னு பயம். நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன வார்த்த?"

"குடிச்சிருந்தாலும் பத்திரம் உண்டுன்னு."

பச்சியப்பன் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார். டாக்டர் கெஞ்சினார், கத்தினார், பிறகு மறுபடியும் வீடுகளைப் பார்க்க ஓடினார். புளி ஏற்ற வந்த லாரி ஒன்று ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வரத் தயாராக இருந்தான். ஏற்றிக்கொண்டு போக ஆள்தான் வரவில்லை.

ஒரு வார்த்தை. வெளியில் நின்று பார்க்கிற நமக்கு அது ஒரு மூச்சு விடுகிற வேலை. அவருக்கு அது அப்படி இல்லை. குடித்தவனுக்கும் பத்திரம், குடிக்காதவனுக்கும் பத்திரம் என்றால், வாயைக் கட்டி பத்து வருஷம் இருந்தவன் மடையனா? இன்றைக்கு உயிருக்காக விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எதற்காக? அப்பா கைகால் நடுங்கிக் கிடந்த பத்து நாளில் யாராவது இரக்கப்பட்டு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்திருந்தால்? சத்தியம் செய்த கை இன்னும் அவர் கண்ணிலேயே நின்றது. சென்னப்பன் பொய் சொல்ல மாட்டான். டாக்டர் சின்னப் பையன், தப்பாகச் சொல்கிறான். வேறு வியாதியாக இருந்துவிட்டால், வாயை விட்டுவிட்டுப் பிறகு வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? இப்படியே யோசித்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

மரத்து நிழல் கிழக்கே நீண்டுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இசபெல்லா நடந்து வந்து எதிரில் நின்றாள். அழுகை வற்றிப்போன முகம். சவரி சற்று முன்புதான் இறந்திருந்தான். அது அவருக்கு இன்னும் தெரியாது.

"ஐயா, ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"குடிச்சவன் செத்துப்போயிட்டா, அவன் குடிச்சதும் அவனோட போயிடுங்களா? இல்ல, அப்பவும் பத்திரம் இல்லீங்களா?"

பச்சியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூடிக் கிடக்கிற அந்தக் கதவுகளுக்குப் பின்னால் பெண்டாட்டிகள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் பிழைத்து எழுந்து ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தால் வீடு போகும். வாயைத் திறக்காமல் செத்தால் பிள்ளைகளுக்கு வீடாவது மிஞ்சும். அவர் போட்ட பூட்டு அத்தனை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

எழுந்தார். தோளிலிருந்து துண்டு விழுந்ததை எடுக்கவில்லை. காலனித் தெருவின் நடுவில் நின்று, மேடையில்கூடக் கத்தாத குரலில் கத்தினார்.

"கதவத் தொறங்க! குடிச்சவங்க அல்லாரும் வெளிய வாங்க! குடிச்சிருந்தாலும் பத்திரம் உண்டு! இருவத்திரண்டு வூட்டுக்கும் உண்டு! முனியப்பன் மேல ஆணையா உண்டு! வெளிய வாங்கடா!"

தெரு அசையவில்லை. நான் சொன்னா மாத்த மாட்டேன் என்று பத்து வருஷமாகச் சொன்ன வாயல்லவா, யார் நம்புவார்கள்? அவர் முதல் கதவைக் காலால் உதைத்தார். இரண்டாவது கதவை உதைத்தார். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவி தானாகவே திறந்து, "எம் பையனக் காப்பாத்துங்க சாமி" என்று காலில் விழுந்தாள். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆறு பேர். இரண்டு பேர் பாயிலேயே விறைத்துக் கிடந்தார்கள். கம்பளியைப் போர்த்தி, குளிர்க் காய்ச்சல் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நாலு பேருக்கு மூச்சு இருந்தது. அதில் குப்புராஜ் என்பவன் லாரிக்குத் தானே நடந்து வந்தான். "மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒன்னுமே இல்லீங்க, இப்பதான் பனி மூட்டமாத் தெரியுது" என்றான். டாக்டர் பச்சியப்பனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னப்பனையும் கோயில் வாசலிலிருந்து தூக்கி வந்து ஏற்றியதும் லாரி கிளம்பியது. சுகாதார நிலையத்து அலமாரியில் மருந்துக்காகப் பூட்டி வைத்திருந்த பிராந்திப் பாட்டிலை டாக்டர் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "இந்த விஷத்த அடக்கறதுக்கு நல்ல சாராயம்தான் மருந்து" என்றார். பச்சியப்பன் அவர் முகத்தையே பார்த்தார். "கேலி பண்ணல சார். படிச்சதத்தான் சொல்றேன். தர்மபுரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் இதுதான் தாங்கும். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கணும். நீங்க சென்னப்பனப் பாருங்க."

லாரியின் ஆட்டத்தில் சென்னப்பனின் தலை அவர் மடியில் உருண்டுகொண்டிருந்தது. ஜன்மத்தில் தொட்டிராத சாமானைத் தம்ளரில் வாங்கி, தண்ணீர் கலந்து, அவன் உதட்டருகே கொண்டுபோனார். வாசனை பட்டதும் சென்னப்பன் பல்லை இறுக்கிக்கொண்டான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"குடி சென்னப்பா. மருந்துதான்."

"யாரு, எம்மெல்லே ஐயாங்களா? வேணாங்க. நான் குடிக்க மாட்டனுங்க."

"நான்தான் சொல்றேன், குடிடா."

"சோதிக்காதீங்க ஐயா. நான் காலையிலதான் சத்தியம் பண்ணேன். பத்திரம் போயிடுங்க. மத்தவங்க பத்திரமும் போயிடும்." பெரியம்மாள் அழுதுகொண்டே அவன் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவனின் தாடைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, திறக்க முடியவில்லை.

"பத்திரம் எழுதித் தர்றேன்னு சொல்லிட்டேன் சென்னப்பா. ஊரே கேட்டுச்சு."

"நீங்க மாத்த மாட்டீங்க" என்றான் சென்னப்பன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது புகழ்ச்சி.

பச்சியப்பன் தம்ளரைப் பார்த்தார். அதைத் தன் வாயில் வைத்து மடக்கென்று விழுங்கினார். தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் எரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. குனிந்து, சென்னப்பனின் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார்.

"மோந்து பாரு. நானே குடிச்சிட்டேன். ஒருத்தன் குடிச்சா எல்லாருக்கும் இல்லன்னு சொன்னவன் நான், நானே குடிச்சிட்டேன். இனிமே அந்தப் பேச்சே கெடையாது. இப்பக் குடி, எஞ்சாமி."

சென்னப்பன் மோந்து பார்த்தான். தெரியாத கண்ணை அகலத் திறந்து அவர் இருக்கிற பக்கம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

குடித்தவர்கள் ஒன்பது பேரில் பிழைத்தவர்கள் இரண்டு பேர். சென்னப்பன் ஒருவன், கண் இல்லாமல். குப்புராஜ் ஒருவன், அரைப் பார்வையோடு. மற்ற ஏழு பேரையும் கரும்பும் மஞ்சளும் வாங்க வேண்டிய நாட்களில் புதைத்தார்கள். அந்த வருஷம் காலனியில் பொங்கல் பானை ஏறவில்லை. சாராயம் காய்ச்சியவன் பிடிபட்டான், கிணற்றுக்காரர் போலீஸுக்கு அலைந்தார். இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. சட்டம் செய்கிற சபையில் பதின்மூன்று வருஷம் இருந்தவருக்கு அது நன்றாகவே தெரியும்.

சட்டசபையில் அவரே எழுந்து நடந்ததைச் சொன்னார். காலையில் தான் கற்பூரம் கொளுத்தியதைச் சொன்னார், மதியம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். அப்படியானால் மதுவிலக்கு வேண்டாம் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். "வேணும். கடையத் தொறக்கச் சொல்ல மாட்டேன். ஆனா பூட்டு போட்டவன் சாவியக் கையில வெச்சிக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கணும். நான் நின்னேன், தொறக்கல" என்றார். பழைய சரக்கு என்று அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எவனிடமும் அவர் சத்தியம் வாங்கியதில்லை.

பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, சொன்ன சொல்படி, பென்னாகரம் ரிஜிஸ்டர் ஆபீசில் இருபத்திரண்டு பத்திரம் எழுதினார். ஏழு பத்திரம் விதவைகள் பேரில். இசபெல்லா பத்திரத்தை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அவரையும் பார்க்கவில்லை. சென்னப்பனைப் பெரியம்மாள் கைப்பிடித்து அழைத்து வந்து, அவன் கட்டைவிரலை மையில் தோய்த்து, காகிதத்தில் சரியான இடத்தில் வைத்து அழுத்தினாள். கற்பூரத்தை அணைத்த அதே கை, உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சென்னப்பன் பத்திரத்தை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சியப்பன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பத்து நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லாமல் அங்கிருந்து எழுந்து போக அவரால் முடியவில்லை.

"சென்னப்பா, உங்கண்ண முனியப்பன் எடுக்கல."

"பொய்ச் சத்தியம் பண்ணனுங்களே ஐயா. எடுத்துட்டான். நியாயந்தானுங்க."

"இல்லடா. அது சாராயத்துல இருந்த வெஷம். காலையிலயே நீ நெசத்தச் சொல்லியிருந்தா டாக்டர் காப்பாத்தியிருப்பாரு. உன்னச் சொல்ல விடாமப் பண்ணது நான். மத்தியானம் நான் வாயத் தொறந்திருந்தா இன்னும் நாலஞ்சு பேர் உசுரோட இருப்பாங்க. முனியப்பன் ஒன்னும் பண்ணல. எல்லாம் நான் பண்ணது."

சென்னப்பன் பத்திரத்தை மடித்தான், மறுபடி பிரித்தான். அவன் முகம் அவர் பக்கம் திரும்பியது, ஆனால் பார்வை அவர் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது.

"அப்பிடிச் சொல்லாதீங்க ஐயா" என்றான். "சாமி எடுத்துச்சுன்னா நான் பொறுத்துக்குவேன். நீங்க எடுத்தீங்கன்னா எப்பிடிங்க பொறுக்கறது?"